கைப்பேசி விளையாட்டில் பிள்ளை எதைக் கற்கிறது?



சென்ற மாதம் கல்வி உதவி கேட்டு ஒரு தாய் நம் அறக்கட்டளைக்கு வந்திருந்தார். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் தினமும் கைப்பேசியில் தமிழ் கற்றுத்தரும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறான். "எல்லாத்தையும் ஜெயிச்சுட்டான் பாய். ஆனா புத்தகத்துல ஒரு வரி வாசிக்க வரலை" என்றார்.

பையனை ஆடச் சொல்லிப் பார்த்தோம். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். தவறினால் அடுத்தது, அதுவும் தவறினால் அதற்கடுத்தது. எழுத்தைப் பார்க்காமலேயே ஜெயித்துக்கொண்டிருந்தான்.

இதனால் விளையாட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பல்லாங்குழி ஆடியே எண்ணப் பழகிய பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு. மக்தபை நினைத்துப் பாருங்கள். ஹஸ்ரத் பிள்ளையை எதிரே உட்காரவைத்து ஓதக் கேட்கிறார். 'ஐன்' தொண்டையிலிருந்து சரியாக வரும்வரை அடுத்த எழுத்துக்கு விடுவதில்லை. தவறை அப்போதே திருத்துகிறார். பிள்ளை திரும்பச் சொல்கிறது. நல்ல கல்வி விளையாட்டும் இதைத்தான் செய்ய வேண்டும்.

கூகுள் நிறுவனம் 2019இல் நம் நாட்டில் 'போலோ' என்ற செயலியைத் தொடங்கி, 2020இல் 'ரீட் அலாங்' என்ற பெயரில் 9 மொழிகளுக்கு விரிவாக்கியது. தமிழும் உருதுவும் அவற்றில் உண்டு. பிள்ளை கதையைச் சத்தமாக வாசிக்க, செயலி கேட்கிறது. தடுமாறும் சொல்லைச் சொல்லிக் காட்டுகிறது. வாய் திறந்து வாசித்தால் நட்சத்திரம் கிடைக்கும்.

2022 ஜூனில் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பாட்டு, விளையாட்டு வழியாகவே சொல்லித் தருகிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த நிலைக்கேற்ற விளையாட்டையே கொடுங்கள்.

கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் நீங்கள் ஆடிப் பாருங்கள். கண்ணை மூடித் தொட்டாலும் ஜெயிக்க முடிந்தால் அது பாடமாகாது.

2. நாணயம், பெட்டி, பரிசு என்று பணம் கேட்கும் விளையாட்டை உடனே நீக்குங்கள். பணத்தைப் பந்தயம் வைத்து ஆடுவது சூதாட்டம். மார்க்கம் அதை ஹராமாக்கியுள்ளது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் மத்திய அரசும் சட்டம் இயற்றித் தடை செய்தது.

3. நேரம் குறித்துக் கொடுங்கள். மஃரிபுக்குப் பின் 20 நிமிடம் போதும். பாங்கு சொன்னால் கைப்பேசி கீழே இருக்க வேண்டும்.

4. முடிந்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தில் இரண்டு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வாசித்தால்தான் கற்றிருக்கிறது என்று பொருள்.

"எனக்கே சரியா படிக்கத் தெரியாதே பாய்" என்று அந்தத் தாய் தயங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றோம். உம்மா கேட்கிறார் என்றால் பிள்ளை வாசிக்கும். இப்போது அவர் தினமும் கேட்கிறார். பையன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் பிள்ளை ஆடும் விளையாட்டு எப்படிப்பட்டது என்று தெரியவில்லையா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கைப்பேசியுடன் பிள்ளையையும் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.