கோழிக் குஞ்சுகளின் எச்சமும் நோய் அறிதலும்

கொல்லையில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை வளர்க்கும் குடும்பத்திற்கு அவற்றின் இழப்பு சிறிதன்று. பின்னர்க் கிடைக்கவேண்டிய முட்டையும் பணமும் அவற்றோடு போய்விடும். குஞ்சுகளின் எச்சம் வழக்கத்திற்கு மாறாகத் தோன்றும்போது இரு தவறுகள் நேர்கின்றன. நலமுள்ள குஞ்சுக்கு மருந்து புகட்டுவது ஒன்று. நோயுற்ற குஞ்சை நாளை பார்க்கலாம் என்று விட்டுவிடுவது மற்றொன்று. நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்வதே இவ்விரண்டிற்கும் காரணம். எச்சம், வயது, நடத்தை ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இயல்பான எச்சம்

கோழிக்குச் சிறுநீர் தனியே கழிவதில்லை. சிறுநீரகம் பிரிக்கும் யூரிக் அமிலம் வெண்பசையாக மலத்துடன் சேர்ந்தே வெளிப்படுகிறது. ஆகவே பழுப்பு எச்சத்தின்மேல் வெள்ளைப் பூச்சு இருப்பது நோயன்று. குருட்டுக் குடல் எனப்படும் இரு முட்டுக் குழாய்களிலிருந்து, ஏறத்தாழ 8 முதல் 10 முறைக்கு ஒரு முறை, கரும்பழுப்பான பசைபோன்ற எச்சம் மிகுந்த நாற்றத்துடன் வெளிப்படும். இதனைக் கழிச்சல் என்று மயங்குவோர் பலர். குஞ்சு சுறுசுறுப்பாக இரை கொத்தினால் கவலை வேண்டுவதில்லை.

எச்சம் ஒட்டிக்கொள்ளுதல்

முதல் வாரத்தில் சில குஞ்சுகளின் எச்சத் துவாரத்தில் எச்சம் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். குளிர், மிகு வெப்பம், நீர்க்குறைவு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெல்லத் துடைக்கவேண்டும். பிய்த்தெடுத்தால் தோல் கிழியும். துவாரத்திற்குக் கீழே வயிற்றில் உள்ள கொப்பூழ் வடுவை எச்சமென்று எண்ணிப் பிடுங்கலாகாது. தாய்க்கோழியின்றி வளரும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் ஏறக்குறைய 3 டிகிரி குறைத்து வரலாம்.

நோயின் அறிகுறிகள்

மூன்று வாரத்திற்குட்பட்ட குஞ்சுகள் வெண்மையாகக் கழிந்து, ஒடுங்கி நின்று, அடுத்தடுத்து இறந்தால் புல்லோரம் நோயை ஐயுறவேண்டும். இக்கிருமி தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியே குஞ்சை அடைகிறது. பிழைத்த குஞ்சும் கிருமியைச் சுமக்கக்கூடுமாதலால் அதனை இனப்பெருக்கத்திற்கு வைக்கலாகாது. தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்னும் பெயர் இராணிக்கெட் நோய்க்கும் வழங்குவதால், பெயரை மட்டும் கேட்டு மருந்து கூறுதல் தவறாகும்.

இராணிக்கெட் நோயில் பச்சையாகவோ வெண்மையாகவோ கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை காணப்படும். குமாயூன் மலைப்பகுதியிலுள்ள ஊரின் பெயரே இந்நோய்க்கு வழங்குகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ இடும் தடுப்பு மருந்துச் சொட்டும், பின்னர் உரிய காலத்தில் போடும் தடுப்பூசியுமே காப்பாகும்.

3 முதல் 6 வாரக் குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தென்பட்டு, இறகு சிலிர்த்துத் தலை தொங்கினால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் நோயாகும். குடலின் உட்படலம் உதிர்ந்து இளஞ்சிவப்பு இழையாகச் சிறிதளவு வருவது இயல்பே. செந்நீராக வடிவது ஆபத்து. எய்மீரியா என்னும் ஓரணு உயிரி இதற்குக் காரணம். எச்சத்தில் வெளியேறும் அதன் கருக்கூடு, ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் தொற்றும் தன்மை பெறுகிறது. எனவே இந்நோய்க்கு நனைந்த கூளமே துணை.

இரத்தம் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை நாடவேண்டும். அவர் கூறும் அளவில் ஆம்புரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் கலந்து, அக்கூட்டத்துக் குஞ்சுகள் அனைத்திற்கும் கொடுக்கவேண்டும். நோயுற்ற குஞ்சு இரை தின்னாவிடினும் நீர் அருந்தும். ஈரக் கூளத்தை அகற்றி, நீர்த்தட்டைச் செங்கல்மேல் உயர்த்தி வைத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

மாலையில் பஞ்சாரத்தின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, காலையில் எச்சங்களை வகைப்படுத்தி எழுதும்படி மாணவர்களைப் பழக்கலாம். எச்சத்தைக் கையால் தொடாமல் குச்சியால் விலக்கிப் பார்க்கவேண்டும். சால்மோனெல்லா கிருமிகள் மனிதரையும் பற்றுமாதலால், இறுதியில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது. ஒரு வாரம் இவ்வாறு இயல்பான எச்சத்தைக் கண்டறிந்த மாணவன், மாறுபட்டதை முதல் நாளிலேயே அறிந்து வீட்டாரிடம் கூறுவான்.