சளிக்குச் சீன மூலிகை: மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

குளிருடன் காய்ச்சல் தொடங்கும்போதே வியர்வையை வரவழைத்து நோயைத் தணிப்பது சீன மருத்துவத்தின் பழைய முறையாகும். அதற்குரிய கஷாயங்களுள் புகழ்பெற்றது, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்சிங் தொகுத்த நூலில் காணப்படுவது. மா ஹுவாங் எனப்படும் எபெட்ரா, சீன இலவங்க மரத்தின் இளங்கிளை, ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம் ஆகிய நான்கும் அதில் சேரும்.

எபெட்ராவிலுள்ள எபெட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும், மூக்கடைப்பைக் குறைக்கும். ஆனால் அதுவே இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் உயர்த்தும். அதிமதுரமும் மிகுந்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். எபெட்ரின் கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்கா 2004இல் தடை செய்தது.

எனவே இதய நோயாளிகளும், இரத்த அழுத்தம் உடையோரும், கர்ப்பிணிகளும் இதனைத் தாமாக அருந்தலாகாது. அறுவை சிகிச்சைக்கு வருவோர், உட்கொண்ட மூலிகையின் பொட்டலத்தை மருத்துவரிடம் தவறாது காட்டுக.