இலை எடுப்பவர் யார்?

நம்மவர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதலில் எழுதப்படுவது சாமான் பட்டியல். மஞ்சளில் தொடங்கும் அப்பட்டியலில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், சமையற்காரர் முன்பணம், தாம்பூலப் பை என ஒன்றும் விடுபடுவதில்லை. டில்லிக்குக் குடியேறிய பின்னும் இந்த நல்ல பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. வாழையிலை கரோல் பாக்கில் மலிவா, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மலிவா என்பது வரை ஆராய்கிறோம். ஆனால் அந்த இலைகளில் உண்டு முடித்து மடித்த பின் அவை எங்கே போகும், யார் எடுப்பார், எதில் இட்டு, எத்தனை மணிக்கு என்பதற்கு ஒரு வரியேனும் எந்தப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

இங்கே மேற்படிப்புக்கு வந்த இந்த இரண்டு ஆண்டுகளில் வளைகாப்பு, நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம் என்று ஆறேழு வீட்டு விசேஷங்களில் சங்க நண்பர்களோடு பரிமாறப் போயிருக்கிறேன். “மாமா, குப்பைக்கு என்ன ஏற்பாடு?” என்று கேட்டால் எங்கும் ஒரே விடைதான்: “காலையில் கூடாவாலா வருவான், அவன் பார்த்துக்கொள்வான்.” அந்த ‘வருவான்’ என்னும் வினைமுற்றின் விகுதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையற்காரர் ‘வருவார்’, நாதசுரக்காரர் ‘வருவார்’, இவர் மட்டும் ‘வருவான்’.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 150 பேருக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் என்றால் 300 இலைகள். ஓர் இலையும் அதில் மிஞ்சியதும் சேர்ந்து கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் 75 கிலோ. காய்கறித் தோல், தேங்காய் மட்டை, வாடிய மாலை, அண்டாவில் மிஞ்சிய சாம்பார் ஆகியவை இதில் சேரவில்லை. தெரு முழுவதும் வீடு வீடாகக் குப்பை வாங்கிச் செல்லும் ஒரு மனிதரின் தள்ளுவண்டியில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, இவ்வளவையும் ஒரே வீட்டிலிருந்து ஏற்றுகிறோம்.

எடையைக் காட்டிலும் பெரிய தொல்லை கலப்பு. நான் வேதியியல் படிப்பவன். கலத்தல் தானாகவே நிகழும். பிரித்தலுக்கு வெளியிலிருந்து உழைப்பு வேண்டும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி நமக்குச் சொல்லும் செய்தி. பந்தியில் இலையை எடுக்கும்போதே பாட்டிலை ஒரு கையிலும் இலையை மறு கையிலும் எடுத்தால் பிரித்தலுக்குத் தனி உழைப்பே இல்லை. இரண்டையும் ஒரே பையில் திணித்து, மேலே ஒரு வாளி ரசத்தையும் ஊற்றிவிட்டால், கபாடிக் கடையில் விலைபோகக்கூடிய அட்டையும் காகிதமும் அக்கணமே பயனற்றுப் போகின்றன. மறுநாள் காலையில் அதைப் பிரிக்க வேண்டுமானால் ஒருவர் வெறுங்கையை உள்ளே விட வேண்டும். உள்ளே உடைந்த கண்ணாடித் தம்ளரும் இருக்கலாம்.

இரவுப் பொழுதும் சும்மா இருப்பதில்லை. வேகவைத்த சோற்றில் நீர் மிகுதி. சித்திரை வைகாசி வெயிலில் பாக்டீரியாக்கள் அதில் விரைந்து பெருகுகின்றன. பையின் வாயை இறுகக் கட்டிவிட்டால் உள்ளே பிராணவாயு தீர்ந்து, அஃது இல்லாமலே வாழக்கூடிய நுண்ணுயிர்கள் தொழிலை மேற்கொள்கின்றன. புளித்த அமிலங்களும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடும் தோன்றுகின்றன. இதே வினை பெரிய அளவில் குப்பை மலையின் வயிற்றுக்குள் நிகழும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் புவியைச் சூடேற்ற வல்லது, தீப்பற்றவும் கூடியது.

அந்த மலையைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்மவர் பலர் குடியிருக்கும் மயூர் விஹாருக்கு அருகிலேயே காஜிப்பூர் இருக்கிறது. 1984-இல் அங்கே குப்பை கொட்டத் தொடங்கினார்கள். 2002-இலேயே அதன் கொள்ளளவு முடிந்துவிட்டது. அதன் பின்னும் கொட்டினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று மலையின் ஒரு பகுதி சரிந்து வாகனங்களைக் கால்வாய்க்குள் தள்ளியது, இருவர் மாண்டனர். 2022-லும் 2024-லும் அது தீப்பற்றி எரிந்தது. வாழையிலை மண்ணுக்குள் போக வேண்டிய பொருள். அது பிளாஸ்டிக் பையில் அடைபட்டு அங்கே போவது நம் இலைக்கு நாமே செய்யும் அவமதிப்பு என்பேன். மாசி, பங்குனியில் இந்நகரப் பூங்காக்களில் சருகு மலிந்து கிடக்கிறது. நறுக்கிய ஈர இலையோடு அந்தச் சருகை மிகுதியாகக் கலந்து, அவ்வப்போது கிளறிக் காற்றுப் படச் செய்தால் சில மாதங்களில் எரு கிடைக்கும். தோட்டமுள்ள குடியிருப்புகளுக்கு இது கடினமன்று.

சட்டமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டுவோர் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், குப்பையைப் பிரித்து ஒப்படைப்பது நடத்துவோரின் பொறுப்பு என்றும் கூறின. 2026 ஏப்ரல் முதல் அவற்றின் இடத்தில் வந்த புதிய விதிகள் ஈரம், உலர்ந்தவை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டியவை என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. 2022 ஜூலை 1 முதலே பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் கரண்டியும், அலங்காரத் தெர்மோகோலும் தடை செய்யப்பட்டவை. பந்தல்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் சட்டத்தால் தொட முடியாத ஒன்று நம்மிடம் உள்ளது. அதன் பெயர் எச்சில். ஊரில் இலை எடுக்கவென்றே தனி ஆள் வைக்கிறோம். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தெருப்பெயர் மாறியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. 1901 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியபோது நடந்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கழிப்பிடங்களின் நிலையைத் தொண்டர்களிடம் அவர் காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று விடை வந்ததாம். அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே துப்புரவு செய்தார். அதே பகுதியில் நம் தமிழ்ப் பிரதிநிதிகளும் வருகிறார்கள். உண்ணும்போது பிறர் பார்வை பட்டாலே தீட்டு என்று அவர்களுக்கு மட்டும் தட்டி மறைத்துத் தனிச் சமையலிடம் போட்டிருந்தார்களாம்; சமைப்பதும் உண்பதும் கழுவுவதும் அந்த ஒரே இடத்தில், மூச்சு முட்டும் புகைக்குள். புகை மட்டும் தீட்டில் சேரவில்லை போலும்!

இனி நாம் செய்யக் கூடியது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே பட்டியலில் ‘துப்புரவு’ என்று ஒரு வரி எழுதி, எதிரே ஒரு பெயரை எழுத வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். அவருக்கு வழியனுப்பும் வேலை இருக்கும். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர் பெயரும் வேண்டாம். கடைசி வரை இருக்கக்கூடிய உறவினர் ஒருவரே ஏற்றவர். அவர் இரண்டு நாள் முன்னதாகக் குப்பை எடுப்பவரை நேரில் கண்டு, இத்தனை கிலோ, இத்தனை மணிக்கு, இவ்வளவு கூலி என்று பேசி முடிக்க வேண்டும். பழைய சேலையும் மிஞ்சிய சாம்பாரும் கூலி ஆகா.

பரிமாறும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பந்திக்கு நாம் பரிமாறினோமோ, அந்தப் பந்தியின் இலையை நாமே எடுப்போம். கை கழுவும் இடத்தருகே இலைக்கு ஒரு பெரிய தொட்டி, பாட்டிலுக்கும் காகிதத்துக்கும் ஒன்று, குழந்தைகளின் டயப்பர் போன்றவற்றுக்கு மூடியுள்ள சிறியது ஒன்று வைத்தால் போதும். உடைந்த கண்ணாடியைத் தனியே அட்டைப் பெட்டியில் இட்டு, மேலே எழுதிக் கொடுக்க வேண்டும். இலையில் படாத சோற்றையும் கறியையும் சூடு ஆறுமுன் விடுதிக்கோ வேண்டியவர்களுக்கோ அனுப்பிவிடலாம். அதற்கும் ஒரு பெயர், ஒரு நேரம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. வடை பொரித்து மிஞ்சியதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது குழாய்க்குள் உறைந்து சோற்றுப் பருக்கைகளைப் பிடித்துக்கொள்ளும். அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்குவதும் நிற்கவில்லை, சாவுகளும் நிற்கவில்லை. ஆதலின் எண்ணெயை ஆறவிட்டுத் தகர டின்னில் அடைத்து, சமையற்காரரிடமே எண்ணி ஒப்படைக்க வேண்டும். துப்புரவுக்குப் பெயர் எழுதப்பட்டவர் அந்தக் கழுவுதொட்டி அருகே நின்று, எண்ணெய்ச் சட்டியோடு வருபவர் மாப்பிள்ளையின் தாய்மாமனே ஆனாலும் தடுத்துத் திருப்பி அனுப்பலாம்.