பயற்றுப் புரதமும் வெப்பமும்

பயறு வகைகளில் புரதம் மிகுதி. ஆயினும் வேகாத விதைகளில் டிரிப்சின் தடுப்பான்கள் என்னும் பொருள்களும் உள்ளன. டிரிப்சின் என்பது புரதத்தைச் செரிக்கச் செய்யும் கணைய நொதியாகும். தடுப்பான் அதனுடன் பிணைந்து அதனைச் செயலற்றதாக்குவதால், உண்ட புரதத்தில் ஒரு பகுதி வீணாகிறது.

தடுப்பான்களும் புரதங்களேயாதலால், வெப்பத்தில் உருக்குலைந்து பெரும்பாலும் வலிமை இழக்கின்றன. சோயா மொச்சையை வேகவைத்துக் கொடுத்தாலன்றி எலிகள் நன்கு வளர்வதில்லையென 1917இல் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர்கள் கண்டனர்.

புரதக் குறைவைப் போக்குதற்பொருட்டு, மைசூரில் 1950இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பல்நோக்கு உணவொன்றை உருவாக்கியது. அதில் எண்ணெய் பிழிந்த நிலக்கடலை மாவு 75 பங்கு; வறுத்த கடலை மாவு 25 பங்கு. இல்லத்திலும் குழந்தைகளுக்குப் பயற்று மாவை நன்கு வறுத்தோ வேகவைத்தோ அளித்தலே நலம்.