உப்புக்கு வருகிறவர்கள்

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். பதினெட்டு நாளில் ஐந்து நாடு, இருபத்து மூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி வேறு. உன் தாத்தா கல்யாணப் பந்திக்குக்கூட இப்படித் திட்டம் போட்டதில்லை. மலேசியாவுக்கு நான்கு நாள் வைத்திருக்கிறாய். அதில் தாமான் நெகாராவுக்கு ‘காலையில் போய் இரவு திரும்புதல்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். மற்றதை அடித்துவிடு. நான்கு நாளையும் அந்தக் காட்டுக்கே கொடு.

தாமான் நெகாரா என்றால் மலாய் மொழியில் தேசியப் பூங்கா, அவ்வளவுதான். பகாங், கிளந்தான், திரெங்கானு என மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் இருந்தது. அதை உண்டாக்க ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர் தியோடர் ஹப்பேக். அதற்கு முன் யானையையும் காட்டெருதையும் சுட்டுத் திரிந்த மனிதர். சுட்டவருக்குத்தான் எது குறைந்துபோனது என்ற கணக்கும் தெரிந்திருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் ஜெராண்டுட் போ. அங்கிருந்து சாலை வழியாகக் கோலா தாகான் போய்விடலாம். ஆனால் தெம்பலிங் ஆற்றில் படகு ஓடுகிறதா என்று ஜெராண்டுட்டிலேயே விசாரி. நான் போனபோது மூன்று மணி நேரம் ஆற்றிலேயே போனேன். நெரம் மரங்கள் தண்ணீரின் மேல் சாய்ந்து கிளைகளால் நிழல் பிடித்துக்கொண்டிருந்தன. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் போகாதே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காட்டில் விலங்கு கண்ணில் படாது. முதுமலைச் சாலையில் யானையும் மானும் பார்த்து வளர்ந்த உனக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பத்தடிக்கு அப்பால் எல்லாமே இலை. நான் முதல் நாள் பகல் முழுக்க நடந்து பார்த்தது ஒரு உடும்பும் எறும்பு வரிசைகளும்தான். புலியைத் தேடாதே, நாடு முழுக்க எண்ணினாலே நூற்றைம்பதுக்குள்தான் தேறும் என்கிறார்கள். அங்கே வேலை காதுக்கு. விடியலில் கிப்பன் குரங்குகள் ஊளைபோலப் பாடும். இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் பழைய நீராவி இன்ஜின் மூச்சுவிடுவது போல இறக்கைச் சத்தம் கேட்கும். அந்தி சாயும்போது ஒரு பெரிய சில்வண்டு தகர ஊதல் மாதிரி கத்தும். அதற்கு ‘ஆறு மணி வண்டு’ என்று பெயர். 1982இல் மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். வண்டுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நான் கேட்டபோது ஏழு தாண்டியிருந்தது.

விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் உப்புக்குப் போ. ஓயாத மழை அந்த மண்ணின் உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் தழையிலும் சோடியம் குறைவு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறோமே, தழை தின்னும் உயிருக்கும் அந்த ஏக்கம் உண்டு. எங்கேயாவது தாது நிறைந்த ஊற்றோ சேறோ இருந்தால் மானும் காட்டுப்பன்றியும் டாபிர் என்ற விலங்கும் இருட்டில் அங்கே வந்து நக்கும். அந்த இடங்களுக்கு எதிரே கால் நட்ட மரக் குடில்கள் கட்டியிருக்கிறார்கள், பும்புன் என்பார்கள். வனவிலங்குத் துறை அலுவலகத்தில் பதிந்துகொண்டு அங்கே இரவு தங்கலாம். அவற்றில் பும்புன் கும்பாங் என்பது கோலா தாகானிலிருந்து பதினொரு கிலோமீட்டர் நடை. ஆற்றில் மேலேறிப் போய் இறங்கினால் முக்கால் மணி நடந்தால் போதும்.

வெறும் பலகைக் கட்டில்தான் இருக்கும். விரிப்பு, குடிநீர், சாப்பாடு எல்லாம் நீ சுமக்க வேண்டும். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு, எலிகள் பையைக் கிழித்துவிடும். பேசாதே. டார்ச்சை மணிக்கு ஓரிரு முறை மட்டும் அடி, கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டி. என் முதல் இரவில் எலியைத் தவிர எதுவும் வரவில்லை. இரண்டாம் இரவு, மூன்று மணி இருக்கும், புல்லுக்கு நடுவே வெளுப்பாக ஏதோ நகர்ந்தது. யாரோ வேட்டியை உலர்த்த மறந்து போட்டது போல. அது டாபிரின் முதுகு. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை, இருட்டில் உருவமே பிடிபடுவதில்லை. வந்தது, சேற்றில் மூக்கை வைத்தது, அரை மணி இருந்துவிட்டுப் போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெர்மன்காரப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. சத்தம் போட்டுவிடுவானோ என்ற பயம்தான், வேறு கெட்ட எண்ணம் இல்லை.

அட்டையைப் பற்றி உன் அம்மா கேட்பாள். கடிக்கும். நெருக்கமாக நெய்த நீள் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள். ஒட்டிவிட்டால் தீயோ உப்போ வைக்காதே, குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தால் வாயோரமாக நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாதபடி அது ஒரு சுரப்பை ஏற்றிவிடுவதால் அரை நாள்கூடக் கசியும், பார்க்கத்தான் பயங்கரம்.

மரங்களின் உச்சியில் கட்டிய தொங்குபாலத்துக்கு எல்லோரும் போவார்கள். போ, ஆனால் முதல் ஆளாகப் போ. படகுக்காரர்கள் படேக் பழங்குடி மக்களின் குடியிருப்பைக் காட்டுவதாக அழைப்பார்கள். ஊதுகுழாயில் அம்பு விட்டுக் காட்டச் சொல்லிக் கூட்டமாக நின்று படம் எடுப்பார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. காடு அவர்கள் வீடு. நம் வீட்டு அடுப்படியில் இருபது பேர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? காட்டுக்குள் போக ஒரு படேக் வழிகாட்டியைக் கூலி பேசி அழைத்துப் போக முடிந்தால் அது வேறு கதை. எந்தக் கொடியில் தண்ணீர் இருக்கும் என்று வெட்டிக் காட்டுவார்.

மீதி நான்கு நாடுகளை என்ன செய்வது என்று கேட்காதே, டிக்கெட் எடுக்கவில்லை அல்லவா? காலுறை இரண்டு ஜோடி என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். இரவில் காட்டில் தங்குவதைப் பற்றி அப்பாவிடம் நீ வாயைத் திறக்காதே. அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை