கையடக்க ஜீ. பீ. எஸ். கருவியைத் தெரிவு செய்தல்

கமத்தொழிலில் இடத்தைச் சரியாகக் குறித்து வைக்கவேண்டிய தேவைகள் பல உள. குளக்கட்டில் நீர் கசியும் இடம், யானை வேலி அறுந்த இடம், பரிசோதனைக்கு மண் எடுத்த இடம், வெள்ளத்தால் அழிந்த வயலின் பரப்பு ஆகியவற்றை வாய்மொழியாக மட்டும் கூறுமிடத்துக் குழப்பம் நேர்தல் இயல்பு. இத்தேவைகளுக்கு உதவும் கையடக்க ஜீ. பீ. எஸ். கருவிகள் இப்பொழுது விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் விலை சிறு கமக்காரருக்கு இலேசானதன்று. ஆகையால், கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முன்னரே அறிந்து கொண்டு வாங்குதல் வேண்டும். அவ்வாறு அறியாதவர், பணத்தை மட்டுமன்றி, கருவி காட்டிய உயரத்தை நம்பி வெட்டிய வாய்க்காலின் பயனையும் இழக்க நேரிடும்.

1. கருவி வேலை செய்யும் முறை

ஐக்கிய அமெரிக்க நாட்டினர் ஏவிய செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் நின்று பூமியைச் சுற்றி வருகின்றன. அவை நேரத்தைக் குறிக்கும் வானொலி அலைகளை இடைவிடாது அனுப்பும். அவ்வலைகள் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கும். நான்கு செய்மதிகளின் அலைகளேனும் கிடைத்தால்தான் இடமும் உயரமும் ஒருங்கே துணியப்படும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்கள் பெறும் அலைகளில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. அது நீக்கப்பட்ட பின்னர், திறந்த வெளியில் 3 முதல் 5 மீற்றர் வரையிலான பிழையுடன் இடத்தை அறிய முடிகிறது. அடர்ந்த மரங்களின் கீழும் மலையிடுக்குகளிலும் பிழை 10 மீற்றருக்கு மேலும் செல்லலாம். உருசியா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளிலிருந்தும் அலைகளைப் பெறும் கருவிகள் உள. காட்டோரங்களிலும் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளிலும் பயிர் செய்வோர் இத்தகையவற்றையே தெரிவு செய்தல் நன்று.

2. பரப்பை அளத்தல்

வயலின் எல்லை வழியே கருவியுடன் ஒருமுறை நடந்து வந்தால் அது பரப்பைக் கணித்துக் காட்டும். எனினும், காணி சிறுக்கச் சிறுக்கப் பிழையின் பங்கு பெருகும். சதுரமான காணியொன்றின் ஒரு பக்கம் 3 மீற்றர் தவறாகப் பதியப்பட்டதெனக் கொள்க. 5 ஏக்கர்க் காணியில் அது ஏறக்குறைய 17 பேர்ச். அதாவது நூற்றுக்கு 2 பங்கு. 1 ஏக்கர்க் காணியில் ஏறக்குறைய 7½ பேர்ச். நூற்றுக்கு 5 பங்கு. கால் ஏக்கரான 40 பேர்ச் மரக்கறித் தோட்டத்திலோ ஏறக்குறைய 4 பேர்ச், பத்திலொரு பங்கு. ஆதலால் பெருநில அழிவை மதிப்பிடவும், விதையும் பசளையும் கணக்கிடவும் இக்கருவி உதவும். சிறு தோட்டத்தை அளவு நாடாவால் அளத்தலே மேல்.

காணி எல்லைப் பிணக்குகளை இக்கருவியால் தீர்க்க முயலுதல் தகாது. வரம்பொன்றின் அகலம் கருவியின் பிழையினும் சிறியது. அயலவருடன் பகை வளர்ப்பதன்றி இதனால் விளையும் பயன் எதுவுமில்லை. எல்லை துணிதல் உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலையாகும்.

3. உயரமும் நீர்மட்டமும்

செய்மதிகளைக் கொண்டு அறியும் உயரம், இடத்தைக் காட்டிலும் கூடிய பிழையுடையது. அன்றியும், செய்மதிக் கணக்குக்கு ஆதாரமாகக் கொள்ளப்படும் பூமியின் உருவம் உண்மையான கடல்மட்டத்துடன் எங்கும் பொருந்துவதில்லை. இலங்கையில் கடல்மட்டம் அவ்வுருவத்தின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய 100 மீற்றர் கீழே உள்ளது. இவ்வேறுபாட்டைத் திருத்தாத கருவி கடற்கரையிலும் பூச்சியத்துக்குக் கீழே 100 மீற்றர் அளவைக் காட்டும். நல்ல கருவிகள் தாமாகவே இதனைத் திருத்திக் கொள்ளும்.

விலை கூடிய கருவிகள் சிலவற்றில் காற்றமுக்கத்தைக் கொண்டு உயரத்தை அறியும் பகுதியும் அமைந்திருக்கும். ஒரு மில்லிபார் அமுக்க வேறுபாட்டை அக்கருவி ஏறக்குறைய 9 மீற்றர் உயர வேறுபாடாகக் கொள்ளும். நமது நாடு போன்ற வெப்ப நாடுகளில் காற்றமுக்கம் முற்பகல் 10 மணியளவில் உயர்ந்து, பிற்பகல் 4 மணியளவில் ஏறக்குறைய 3 மில்லிபார் தாழ்ந்து காணப்படும். எனவே காலையில் மேசை மீது வைத்த கருவி, அசையாதிருந்தும், மாலையில் 25 மீற்றர் உயர்ந்துவிட்டதாகக் காட்டக்கூடும்.

வயல் வாய்க்கால்கள் ஆயிரம் அடிக்கு ஓரிரண்டு அடி அளவே சரிய வெட்டப்படுகின்றன. வயலை மட்டஞ் செய்கையில் சில அங்குலமே கணக்கில் வரும். ஆகவே, வாய்க்காலின் சரிவையும் வயலின் மட்டத்தையும் இக்கருவியைக் கொண்டு ஒருபோதும் துணிதலாகாது. நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயோ மட்டம் பார்க்கும் கருவியோ அவ்வேலைக்குரியது.

4. இடவிளக்கப்படம்

கருவியுடன் வரும் படத்தில் பெருந்தெருக்களும் நகரங்களுமே பெரும்பாலும் காணப்படும். குளம், ஓடை, வண்டிப்பாதை ஆகியன காட்டும் இடவிளக்கப்படத்தைப் புறம்பாக ஏற்ற வேண்டியிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் படங்களும் உள. ஆயின், வாங்குமுன் தமது ஊரைத் திரையில் வரவழைத்து, ஊர்க்குளமும் ஓடையும் உரிய இடத்தில் உள்ளனவா என நோக்குதல் வேண்டும்.

படத்தைத் திரையில் பெருப்பிப்பதால் அதன் நுணுக்கம் கூடாது. 50,000இல் ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றருக்குச் சமம். சமவுயரக்கோடுகள் 20 மீற்றருக்கு ஒன்றாக வரையப்பட்டிருப்பின், வன்னிச் சமவெளியில் ஒரு கிராமம் முழுவதும் இரு கோடுகளுக்கிடையில் அடங்கிவிடலாம். நுவரெலியா, வெலிமடை போன்ற சரிவான இடங்களிலேயே அக்கோடுகள் பெரிதும் பயன்படும். இலவசப் படங்கள் பலவற்றின் சமவுயரக்கோடுகள், 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் பெற்ற அளவுகளைக் கொண்டு வரையப்பட்டவை. அடர்காட்டில் ரேடார் அலைகள் நிலத்தை முற்றாக அடையாமையால், அங்கு உயரம் கூடுதலாகக் காணப்படும்.

கடதாசிப் படத்துடன் சேர்த்துக் கருவியைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கந்தவல என்னும் நிலையத்தை ஆதாரமாகக் கொண்டவை. கருவியோ உலகப் பொது ஆதாரத்தைக் கொண்டது. கருவியின் அமைப்பில் கந்தவல என்பதைத் தெரிவு செய்யாவிடின், குறித்த இடம் பழைய படத்தில் 100 மீற்றருக்கு மேல் விலகி விழும்.

5. வாங்கும்போது நோக்க வேண்டியவை

(அ) திரை: நண்பகல் வெயிலில் தெளிவாகத் தெரிதல் வேண்டும். கடைக்கு வெளியே கொண்டு வந்து பார்க்க.

(ஆ) மின்கலம்: ஊர்க்கடையில் கிடைக்கும் மின்கலத்தைக் கொண்டு இயங்குவது விரும்பத்தக்கது. மின்சாரமற்ற இடத்திற் காவலிருப்போர்க்கு இது முக்கியமானது.

(இ) நீர் புகாமை: ஐ. பி. எக்ஸ். 7 என்னும் தரமுடையது, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது. வயலில் வேலை செய்வோர்க்கு இத்தரம் வேண்டும்.

(ஈ) பொத்தான்கள்: ஈரமும் சேறும் பட்ட விரலால் தொடுதிரையை இயக்குதல் கடினம். பொத்தான் உள்ளதே ஏற்றது.

(உ) பரப்பைக் கணிக்கும் வசதி: இது எல்லாக் கருவிகளிலும் இல்லை; கேட்டறிக.

6. கைத்தொலைபேசி போதுமா?

இக்காலத்துக் கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் இச்செய்மதி அலைகளைப் பெறும் உறுப்பு உண்டு. தொலைபேசி அலை எட்டாத காட்டிலும் அது வேலை செய்யும். படத்தை மட்டும் முன்னரே இறக்கி வைத்திருத்தல் வேண்டும். ஆண்டில் ஓரிரு முறை வயலின் பரப்பை அறிய விரும்புவோர்க்கு அதுவே போதும். நாள் முழுவதும் மழையிலும் காட்டிலும் உலாவுவோர்க்கே தனிக்கருவி தேவை. அவ்வாறாயினும், வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பு ஒன்றை வாங்கி, அங்கத்தவர் முறையாக எடுத்துப் பயன்படுத்துதல் சிக்கனமானது.

7. வாங்குமுன் சோதனை

திறந்த வெளியில் ஒரு முளையை அடித்து, அதனருகே கருவியைப் பத்து நிமிடம் வைத்து இடத்தைப் பதிக. ஒரு மணி நேரம் கழித்துக் கருவி காட்டும் வழியே அவ்விடத்துக்குத் திரும்பிச் சென்று, முளைக்கும் கருவி காட்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளக்க. பின்னர், நில அளவைப் படமுள்ள வயலொன்றை இருமுறை சுற்றி நடந்து, இரு விடைகளையும் படத்திலுள்ள பரப்புடன் ஒப்பிடுக. வேறுபாடு பத்திலொரு பங்குக்கு மேற்படின், அவ்வளவான காணிக்கு அக்கருவி உதவாது எனக் கொள்க.

எவ்வேலைக்குக் கருவி வேண்டும் என்பதை முதலில் எழுதிக் கொண்டு, அதன் பின்னரே கடைக்குச் செல்க. மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.