அப்பாவின் ஐந்து நொடி

அழகர் வைகையில் இறங்கியதை எச்.டி. டிவியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பிடித்தேன். கூட்டத்தில் தண்ணீர் பீய்ச்சும் அப்பா ஐந்து நொடி தெரிந்தார்.

வெட்டினேன், ரெண்டர் செய்தேன். அதையே எடுத்து மறுபடி வெட்டு, மறுபடி ரெண்டர். மூன்றாம் முறை அப்பா முகமே கலங்கிப்போச்சு!

ஏன்? ஒரு படத்துக்கு 1920×1080 புள்ளிகள். நொடிக்கு 25 படம். புள்ளிக்கு 3 பைட் என்றால் நொடிக்குச் சுமார் 155 மெகாபைட்! அதனால் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ரெண்டரும் மறுபடி சுருக்குகிறது. உதிர்ந்த விவரம் திரும்பாது.

எனவே ஒரிஜினல் பைலை அழிக்காதீர்கள். எல்லா வெட்டையும் முடித்து, அதிலிருந்து ஒரே முறை ரெண்டர் செய்யுங்கள்.

நல்லவேளை, என்னிடம் ஒரிஜினல் இருந்தது. "எழுத்துத்தான் தெரியாது, என் மூஞ்சி நல்லாத் தெரியுதுடா" என்றார் அப்பா.